பக்தி என்று நான் படம் பிடித்தது

என் மகளுடைய நோயின் முதல் அறிகுறியை நான் கைபேசியில் படம் பிடித்தேன். அதோடு நிற்கவில்லை. கோயில் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பி வைத்தேன்.

தேக்காவில் நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் போகும் கோயில் அது. தாரிணிக்கு அப்போது நாலு வயது. குருக்கள் கொடுத்த விபூதியை நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு, மீதியை உள்ளங்கையோடு நக்கித் தின்றாள். பிறகு என் விரல்களைப் பிரித்து என் பங்கையும் தின்றாள். தூண் ஓரத்துக் கிண்ணத்தில் மற்றவர்கள் கொட்டிவிட்டுப் போனதையும் வழித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அந்தக் கண்மூடல்தான் எல்லாருக்கும் பிடித்துப்போனது.

குழுவில் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. தெய்வக் குழந்தை என்றார்கள். குழுவை நடத்தும் செல்வா அண்ணன் குரல் பதிவே அனுப்பினார். "பூர்வ ஜென்ம புண்ணியம் தம்பி. வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குச் சுத்திப் போடுங்க." சுற்றிப் போட்டேன். பிள்ளையின் ரத்தம் வற்றிக்கொண்டிருந்தது, நான் மிளகாயும் உப்பும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு அடிக்கடி சளி, வயிறு சரியில்லை, எதைக் கொடுத்தால் தேறும் என்று தவிக்கும் அப்பா அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. உயர்நிலைப் பள்ளியோடு நின்றவன். ஆங் மோ கியோவில் இருந்து புறப்படும் பேருந்து ஒன்றை ஓட்டுகிறேன். விடியற்காலைப் பணி. மதியம் முடித்துவிட்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இருந்து மகளை அழைத்து வந்து, அவளுக்குச் சாப்பாடு கொடுப்பது என் பொறுப்பு. மனைவி சுமதிக்குத் தெம்பனிசில் அலுவலக வேலை. அவள் வீடு திரும்ப இருட்டிவிடும். ஆகவே பிள்ளையின் வயிற்றுக்குள் போனதெல்லாம் என் கையால் போனதுதான். பழியை வேறு யார் தலையிலாவது வைக்க ஆசைப்பட்டேன். ஒரு தலையும் கிடைக்கவில்லை.

பராமரிப்பு நிலையத்தில் சேர்ந்ததில் இருந்து அவளுக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. குழுவில் சொன்னேன். அன்று முதல் எனக்கு 'எதிர்ப்பு சக்தி' பாடம் தொடங்கியது. அந்த இரண்டு சொற்களை எழுதி ஒட்டினால் இந்த ஊரில் எதையும் விற்றுவிடலாம். தேக்காவில் ஒரு கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டி, "ஆறு சுவையும் இதுலயே இருக்கு லா, ஒரு ஸ்பூன் போதும்ணே" என்றார். நான் வாங்கவில்லை. என்னை அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாது என்ற திமிர். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நானே சொந்தமாகச் செய்துகொள்ள முடியும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

செல்வா அண்ணன் அனுப்பிய ஒரு செய்தியில், ஆறு சுவையும் சமமாக உடலில் சேர்ந்தால் செரிமானம் சீராகும், நோய் அண்டாது என்று இருந்தது. பேருந்து ஓட்டுகிறவனுக்குச் சமம் என்றால் என்ன தோன்றும்? அட்டவணை தோன்றியது. திங்கள் இனிப்பு, செவ்வாய் புளிப்பு, புதன் உப்பு, வியாழன் காரம், வெள்ளி துவர்ப்பு, சனி கசப்பு. ஆறு வண்ணப் பேனாவில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்குச் சுவை மிச்சமில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, 'பால்' என்று எழுதினேன்.

சுமதி அதைப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை பிள்ளைக்கு உப்பு உருண்டை பிடிச்சுக் குடுப்பீங்களா?" என்றாள்.

"கிண்டல் பண்ணாத. இதெல்லாம் பெரியவங்க சொன்னது."

"பஸ்ஸுக்கு டைம்டேபிள் போடுங்க, என்னங்க. வயித்துக்குப் போடாதீங்க."

நான் அவளை விவரம் கெட்டவள் என்று நினைத்தேன். அவள் ஆபீசுக்குப் போகிறவள், நம் முறையெல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டேதான் வெள்ளிக்கிழமை மாதுளம் பழத் தோலைக் கொதிக்க வைத்தேன். சனிக்கிழமை வேப்பம்பூவை வறுத்துச் சோற்றில் பிசைந்தேன். தாரிணி வாயை இறுக்கிக்கொள்வாள். நான் ஊட்டுவேன். அவள் துப்புவாள். கடைசியில் சாக்லேட் மாவு போட்ட பால் ஒரு குவளை கொடுத்துச் சமாதானம் செய்வேன்.

புளிப்பு நாளிலும் அப்படித்தான் முடியும், கார நாளிலும் அப்படித்தான். அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எழுதிய பாலை என் மகள் வாரம் முழுவதும் குடித்தாள். ஒரு நாளைக்கு ஆறு குவளை, ஏழு குவளை. சோறு, கீரை, முட்டை எதுவும் உள்ளே போகவில்லை. பால்தான் குடிக்கிறாளே, பால் சத்துதானே என்று நிம்மதியாக இருந்தேன். வயிறு இறுகிப்போனது. மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் கழிவறையில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே போவாள். அதற்கும் ஒரு கஷாயம் வைத்தேன்.

இதே காலத்தில்தான் எங்களுக்குப் பாராட்டுகள் வந்தன. என் சித்தி பார்த்துவிட்டு, "பாப்பா கலர் கூடி வர்றா பாரு, உங்க ரெண்டு பேரு மாதிரி இல்ல" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். கோயிலில் அன்னதான வரிசையில் அவள் என் காலடியிலேயே சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சத்தமே இல்ல, என்ன அடக்கம்" என்றார்கள். அதற்கும் சிரித்தேன். வீட்டில் பூசை அலமாரியில் விபூதி டப்பா வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது. காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசி ஒரு சிட்டிகை வாயிலும் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்படிப் பழகியவள், சாமி சன்னிதியை விட்டுப் போக மனசில்லாமல் தின்கிறாள் என்று எண்ணினேன். புது டப்பா வாங்கி வைத்தேன்.

பக்தி, நிறம், அடக்கம். மூன்றையும் ஊரே மெச்சியது. மூன்றும் ஒரே நோய்.

அதைக் கண்டுபிடித்தது குழுவும் இல்லை, நானும் இல்லை. பராமரிப்பு நிலையத்து ஆசிரியை, ஒரு மலாய்ப் பெண். ஒரு மதியம் என்னைத் தனியாக அழைத்து, தாரிணி சறுக்குமரத்தின் பாதிப் படியில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். உதடு வெளுத்திருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். எங்கள் குடும்பத்தில் சிலர் நிறமாக இருப்பார்கள் என்று நான் அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சுமதிதான் மறுநாள் விடுப்பு எடுத்தாள். பாலிகிளினிக் என்கிற பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் தாரிணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வேகவைத்த மீனின் சதை மாதிரி வெள்ளையாக இருந்தது. என் பிள்ளையின் முகத்தில் தினமும் முத்தம் கொடுத்தவன் நான். இமைக்குள் பார்த்ததில்லை.

அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள். இரும்புச் சத்துக் குறைவால் வந்த கடும் ரத்தசோகை. ஹீமோகுளோபின் (மூச்சுக்காற்றின் உயிர்வாயுவை உடம்பெல்லாம் சுமந்து போகும் சிவப்புப் பொருள்) இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பெரிட்டின் (உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு) ஏறக்குறைய காலி. இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். அவர் தமிழ்ப் பெண். எங்களிடம் தமிழிலேயே பேசினார்.

"சாப்பாடு தவிர வேற ஏதாச்சும் சாப்பிடுறாளா? ஐஸ் கட்டி, மண்ணு, பேப்பர், சுவத்துச் சுண்ணாம்பு, அந்த மாதிரி?"

"இல்ல டாக்டர். அதெல்லாம் நான் விடமாட்டேன்."

"பால் எவ்வளவு குடிப்பா?"

"ரெண்டு, மூனு கப்பு."

சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

ஏன் பொய் சொன்னேன்? விபூதியை மண்ணோடும் பேப்பரோடும் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது சாமியின் பிரசாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். தெய்வக் குழந்தைக்கு அப்பா என்ற பட்டத்தைக் கழற்ற மனசில்லை, அது மறு பாதி. பெரிய பாதியும் அதுதான்.

இரும்பு மருந்து கொடுத்தார்கள். துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு சுவை. அது என் அட்டவணையில் எந்தக் கிழமையிலும் சேரவில்லை. தாரிணி துப்பினாள். நான் கெட்டிக்காரன் அல்லவா? பாலில் கலந்து கொடுத்தேன். நான்கு வாரம், ஒரு நாள் தவறாமல்.

நான்கு வாரம் கழித்து ரத்தம் எடுத்தபோது அளவு அசையவே இல்லை.

மருத்துவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து சேராமல் இருக்கக் காரணம் தேட வேண்டும் என்றார். குடலுக்குள் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று, மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார். தாரிணி சுமதியின் மடியில் இருந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை ஒட்டியிருந்தார்கள். அவள் அழக்கூட இல்லை. அழுவதற்குத் தெம்பு வேண்டும்.

"என்னங்க," என்றாள் சுமதி. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"டாக்டர், இவ விபூதி திங்கிறா. டப்பா டப்பாவா. ஆறு மாசமா. இவரு வீடியோகூட வச்சிருக்காரு." என் பக்கம் திரும்பினாள். "காட்டுங்க."

என் கைபேசியை எடுத்து, அந்த வீடியோவை, கீழே வரிசையாக இருந்த கைகூப்பிய படங்களோடு சேர்த்து மருத்துவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்தார். தாரிணி கண்ணை மூடும் இடத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு பைக்கா," என்றார். "உடம்புல இரும்பு ரொம்பக் குறைஞ்சா உணவு இல்லாத பொருள் மேல ஒரு வெறி வரும். அதான் இது. நல்லவேளை வீடியோ எடுத்தீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மருந்த எதுல கலந்து குடுக்குறீங்க?"

"பால்ல," என்றேன்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். பால், இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்றார். சாம்பலும் அந்த வேலையைத்தான் செய்யும், மாதுளைத் தோலின் துவர்ப்பும் அதைத்தான் செய்யும். ஆக, இரும்பு உள்ளே நுழையக்கூடிய கதவை எல்லாம் நான் ஒருத்தனே ஒன்று விடாமல் அடைத்திருக்கிறேன். கடைகளில் விற்கும் விபூதியில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாததால் ஈயம் இருக்கிறதா என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதற்காக மறுபடி குத்தினார்கள். அந்த ஊசி என் பொய்க்குக் கிடைத்தது, குத்து வாங்கியவள் அவள். ஈயம் இல்லை என்று வந்தது. சாமி புண்ணியம். குழாய்ப் பரிசோதனையைத் தள்ளிவைத்தார்கள்.

எழுந்து வரும்போது மருத்துவர் சொன்னார்: "நானும் விபூதி பூசுறவதான். நெத்தியில இருக்கட்டும். வயித்துக்குச் சோறு குடுங்க."

மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் என் அட்டவணையைக் காட்டும்படி சுமதி சொல்லிவிட்டாள். படம் எடுத்து வைத்திருந்தேன். எதைத்தான் நான் படம் எடுக்கவில்லை? அவர் இளவயதுச் சீனப் பெண். நான் ஒவ்வொரு கிழமையாக விளக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "அப்போ வெள்ளிக்கிழமை பிள்ளைக்குச் சாப்பாடே இல்லையா?" என்று கடைசியில் கேட்டார்.

பிறகு ஒரு தட்டை வரைந்து காட்டினார். பருப்பு, கீரை, முட்டை அல்லது நெத்திலி, பக்கத்திலேயே ஒரு துண்டு எலுமிச்சை. புளிப்பு பக்கத்தில் இருந்தால்தான் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேருமாம். செவ்வாய்க்கிழமைப் புளிப்பு சனிக்கிழமைக் கீரைக்கு ஒன்றும் செய்யாது. பால் ஒரு நாளைக்கு இரண்டு சின்னக் குவளை, சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். மருந்தை வெறும் வயிற்றில் ஆரஞ்சுச் சாற்றோடு கொடுக்கச் சொன்னார். இது என் மகளுக்குச் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், என் லட்சணம்தான் தெரியுமே.

பன்னிரண்டு வருடமாகக் கோயில் அன்னதானத்தில் பரிமாறுகிறேன். ஓர் இலையில் உப்பு, ஊறுகாய், பாகற்காய்ப் பொரியல், கூட்டு, சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் வைக்கிறோம். திங்கட்கிழமை ஆளுக்குப் பாயசம், சனிக்கிழமை ஆளுக்குப் பாகற்காய் என்று யாருக்கும் நான் பரிமாறியதில்லை. பெரியவர்கள் சொன்னது, பெரியவர்கள் சொன்னது என்று சுமதியிடம் வீம்பு பேசினேனே, அந்தப் பெரியவர்கள் இலை போட்டுக் காட்டிய விஷயத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் படித்துத் தலைகீழாகப் புரிந்துகொண்ட மடையன் நான்.

அட்டவணையைக் கிழித்தேன். விபூதி டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். தாரிணி கீழே நின்று கையை நீட்டி அழுதாள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் சாமியை வைத்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை வந்தது. அன்று பூசையில் வேறு எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

நடந்ததைக் குழுவில் எழுதினேன். விபூதி தின்றது பக்தி இல்லை, ரத்தசோகை, உங்கள் பிள்ளைகளும் இப்படிச் செய்தால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று. தெய்வக் குழந்தை என்றவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செல்வா அண்ணன் மட்டும், "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி" என்றார். அடுத்த நாள் காலை, எதிர்ப்பு சக்தி தரும் ஏழு இலைகள் என்று ஒரு செய்தி அனுப்பினார். எனக்குப் பின்னால் இன்னொரு அப்பன் அதைப் படித்துக் கையில் பேனா எடுத்திருப்பான். நான் குழுவை விட்டு வெளியேறினேன். அன்னதானத்தை விடவில்லை.

முதல் மாற்றம் ரத்தத்தில் தெரியவில்லை, கழிவறையில் தெரிந்தது. பால் குறைந்த இரண்டாவது வாரம், அவள் தானாகப் போய்விட்டு வந்து, "முடிஞ்சிருச்சு லா" என்றாள். நானும் சுமதியும் கதவருகே நின்று சிரித்தோம். அப்புறம் பசி வந்தது. ஒருநாள் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் சோற்றோடு முட்டை போட்டு வதக்கிய பாகற்காய் வாங்கினேன், எனக்காக. அவள் என் தட்டில் இருந்து எடுத்து எடுத்துத் தின்றாள். மாதக்கணக்கில் மூக்கைப் பிடித்து நான் ஊட்ட முடியாத கசப்பை, ஒரு சீனச் சமையல்காரர் முட்டையோடு சேர்த்து அவள் வாய்க்குள் அனுப்பிவிட்டார்.

சளி இப்போதும் வருகிறது. பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு வரத்தான் செய்யும், வந்து வந்துதான் உடம்பு பழகும் என்றார் மருத்துவர். மூக்கைத் துடைத்துவிடுகிறேன். வேறு எதுவும் காய்ச்சுவதில்லை.

மருந்து மாதக்கணக்கில் தொடர்ந்தது. ரத்தத்தின் ஒரு சிவப்பணு ஏறக்குறைய நாலு மாதம் வாழும் என்று மருத்துவர் சொல்லித்தான் தெரியும். இரண்டு நிமிடம் தாமதமானால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற வேலை எனக்கு. இந்தக் கணக்குக்கு என் கடிகாரம் உதவவில்லை. காலையில் பணிக்குக் கிளம்பும்போது, தூங்குகிற பிள்ளையின் இமையை மெல்ல இழுத்துப் பார்ப்பேன். வெள்ளை, அப்புறம் வெளிர் ரோஜா, அப்புறம் ஒருநாள் சிவப்பு. இப்போது யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. பேருந்தில் பயண அட்டையைத் தட்டி ஏறுகிறவர்களின் இமையைக்கூடப் பார்க்கிறேன். மனித முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு கதவு இவ்வளவு நாளாக இருந்திருக்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் செல்வா அண்ணன் எதிரே வந்தார். தாரிணி அன்னதானக் கூடத்தில் இன்னொரு பிள்ளையைத் துரத்திக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடினாள். வெயிலில் விளையாடி என்னைப் போலவே கருத்திருந்தாள். குருக்கள் விபூதி கொடுத்தார். நான் அவள் கையையே பார்த்தேன். அவள் நெற்றியில் ஒரு தீற்றல் இழுத்தாள். உள்ளங்கையில் மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்து, என் வேட்டியில் துடைத்துவிட்டு ஓடினாள்.

செல்வா அண்ணன் தலையை ஆட்டினார். "என்ன தம்பி, பாப்பா கருத்துப் போயிட்டா. வாயும் ஜாஸ்தி ஆயிருச்சு. முன்ன இருந்த பக்தியும் இல்லையே."

"ஆமாண்ணே," என்றேன். "மூனும் போயிருச்சு. சாமி காப்பாத்திட்டாரு."

வேட்டியில் அவளுடைய ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. நான் தட்டிவிடவில்லை. பரிமாறும் வாளியை எடுத்துக்கொண்டு இலைகளைப் பார்க்கப் போனேன்.